அருவிக்கு மேலே ஏற்றிய மீன்

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் தின்பார். கல்யாணப் போட்டோவில் நான் ஒழுங்காகத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு மங்கல் தெரியும், அதுதான் மாப்பிள்ளை. கொஞ்சம் அசையாமல் இருங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய் போட்டோக்காரர் அப்படியே எடுத்துவிட்டார்.

பேர் குராஜி. கிசோ மலையிலிருந்து மரம் இறக்கும் லாரி ஓட்டினவர். "லாரியில மட்டும் எப்படிங்க உட்காந்தீங்க?" என்று கேட்டால், "அதான் லாரி ஓடுதே" என்பார். இந்த மனுஷனோடு எப்படித்தான் காலம் தள்ளினேனோ!

லாரியை விட்ட பிறகாவது வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். மீன்பிடிச் சங்கத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஓடை ஓடையாகப் போய், தூண்டில் போடுகிறவர்களிடம் சீட்டு வாங்கினீர்களா என்று கேட்கும் வேலை. காலையில் பனி விலகும் முன்பே கிளம்பிவிடுவார். கழுத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். எங்கே தண்ணீரைக் கண்டாலும் குனிந்து அதை முக்கிப் பார்க்காமல் நகரமாட்டார். ஒரு நாள் என் துணி அலசும் தொட்டியிலும் முக்கினார். அன்றைக்கு அந்தத் தெர்மாமீட்டரை உடைத்திருப்பேன், பாவம் என்று விட்டேன்.

எல்லா ஓடையும் அவருக்கு வேலை. குரேசாவா ஓடை மட்டும் வேறு. அதை நான் என் சக்களத்தி என்றுதான் சொல்வேன். ஊருக்கு மேலே, ஒரு அருவிக்கும் மேலே ஓடுகிற சின்ன ஓடை அது. ஒரு காலத்தில் அதன் கரையை மொட்டையடித்துவிட்டார்கள். வெயில் நேராக விழுந்து தண்ணீர் சூடேறிக் கொண்டிருந்தது. இவர் வருஷா வருஷம் நாற்றுக் கூடையைச் சுமந்துபோய்க் கரையோரம் மரம் நட்டார்.

"அங்க இருந்த மரத்தையெல்லாம் ஏத்திட்டு வந்ததே உங்க லாரிதானே?" என்று நான் குத்திக் காட்டுவேன்.

"அதனாலதான்டி நடறேன்" என்பார். 

அந்த ஓடையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இவானா மீன். குளிர்ந்த தண்ணீரில் மட்டும் பிழைக்கும் ட்ரவுட் ஜாதி. எங்கள் பக்கத்துச் சொந்த இவானாவுக்கு முதுகு சுத்தமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கும். விலாவில் மட்டும் ஆரஞ்சுப் பொட்டுகள். பண்ணையில் வளர்க்கும் இவானா வேறு மலையிலிருந்து வந்த வகை, அதற்கு முதுகெல்லாம் அரிசி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. சங்கம் வருஷம்தோறும் பண்ணைக் குஞ்சுகளை வாளி வாளியாக ஆற்றில் விடுகிறது. விட்டே ஆகவேண்டும் என்று சட்டம். ஊர்க் குழந்தைகளெல்லாம் கை தட்டிக்கொண்டு விடுவார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் இதுவும் கலந்து கலந்து, கீழ் ஆற்றில் சொந்த மீன் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது.

மேலே மட்டும் எப்படித் தப்பியது என்றால், அருவியில் மீன் தானாக ஏறமுடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அருவிக்குக் கீழே மீன் பிடிக்கிறவன் அதில் சிலதை உயிரோடு சுமந்துபோய் அருவிக்கு மேலே விட்டுவிட்டு வருவான். பின்னால் ஒரு பஞ்சம் வந்தால் மேலே இருக்கட்டும் என்று. யார் எப்போது கொண்டுபோனார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அப்படி ஏறிப்போன மீன்களின் வம்சம்தான் குரேசாவாவில் மிச்சமிருந்தது. என் வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் நின்றபடியே தொண்டை கிழியக் கத்தி, அருவிக்கு மேலே ஒரு பண்ணைக் குஞ்சும் விடக்கூடாது என்று தீர்மானம் வாங்கினார்.

அந்தக் கூட்டத்தில் எதிர்த்துக் கத்தியவன் கின்யா. சங்கத்துக்குக் குஞ்சு கொடுக்கும் மீன் பண்ணையே அவனுடையதுதான், எதிர்க்கத்தானே செய்வான். எங்கள் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன், இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன், அன்றையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். இவரும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், வானத்தைப் பார்த்துப் புகை விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள் போங்கள்!

ஜூலை மாதம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட மறுநாளே, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், குரேசாவாவுக்குப் போனார். மாலையாகியும் ஆள் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரைக் கூப்பிடுவது? கின்யா வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினான்.

இவர் மேலே பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாராம். கின்யா அவரைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு அருவிப் பக்கத்துப் பாறையில் ஏறி இறங்க அடித்திருக்கும் சங்கிலியைப் பிடித்து இறங்கி வந்தான். இறங்குகிற வழியெல்லாம் இவர் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "மீனைக் காணோம்டா. முட்டை போடுற இடமெல்லாம் மணல் மூடிப்போச்சு. ஒண்ணையும் காணோம்டா கின்யா" என்று இதையே சொல்லிக்கொண்டு வந்தாராம். கின்யா அதை மனதில் போட்டு வைத்துக்கொண்டான். அங்கேதான் வினை.

டவுன் ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் இரும்பு வைத்துக் கட்டிலில் போட்டார்கள். அசையக்கூடாது. இவருக்கா? கால் விரல்களை மட்டும் அனுமதித்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே அந்தப் பத்து விரல்களும் நாள் பூராவும் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று திரை போடச் சொன்னார்.

ஆகஸ்டில், செத்துப்போன முன்னோர்களை வீட்டுக்கு அழைக்கும் ஓபோன் பண்டிகை முடிந்ததும் கின்யா வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பீச் பழப் பெட்டி. வாயெல்லாம் பல்.

"பழம் பேருக்குத்தாண்ணே. உண்மையான பரிசு வேற இடத்துல இருக்கு."

"எங்க?"

"மேல. குரேசாவால. இனிமே அங்க மீனுக்குப் பஞ்சமே இல்ல. முதுகுல தண்ணிப் பையைக் கட்டி, ஆக்சிஜன் அடிச்சு, சங்கிலியைப் புடிச்சு நானே ஏறினேன். என் குளத்துலயே அருமையான தாய் மீனுங்க. ஒண்ணுகூட சாகலண்ணே! நம்ம தாத்தனுங்க செஞ்ச மாதிரியே செஞ்சேன்."

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, கால் விரல்களைப் பார்த்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. 

"இந்த வருஷம் முட்டை போடுற மீனா?" என்று கேட்டார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"பின்னே? உங்களுக்குக் குப்பையையா கொடுப்பேன்?"

"எத்தனை விட்ட?"

"எண்ணலையேண்ணே. அன்பா கொடுக்குறத யாராவது எண்ணுவாங்களா?"

அவ்வளவுதான். எழுந்தார் பாருங்கள்! இடுப்பில் இரும்போடு, கையில் ஊசியோடு. "இலை உதிர்ற காலத்துல கலந்துரும்டா! கலந்தா பிரிக்க முடியாதுடா! ஒண்ணு விடாமக் கீழ கொண்டு வாடா!" என்று கத்துகிறார். நர்ஸ்கள் ஓடி வந்து பிடித்தார்கள். பீச் பழங்கள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. கின்யா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இவானான்னா இவானாதானே அண்ணே, அதுல என்ன..." என்று ஆரம்பித்தவனை நான் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

அங்கே நான் விட்ட வசவை இங்கே எழுத முடியாது. உன் புத்தி எங்கே போயிற்று, இந்த ஒன்றுக்காகத்தானே இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். அவன் குழந்தை மாதிரி அழுதான்.

"அண்ணன் மீனு மீனுன்னு புலம்பிட்டே வந்தாரு அண்ணி. மீனே இல்லாமப் போச்சுன்னு நெனச்சேன். அண்ணன் செத்துருவாருன்னு பயந்துட்டேன். நான் அவருக்குக் கெடுதல் பண்ணுவேனா?"

பண்ணமாட்டான். அதுதானே எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

திரும்ப உள்ளே போனபோது இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் ஈரம். மாமியார் போனபோதுகூட அழாதவர். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "நான் போறேன். நானும் கின்யாவும் போய் எல்லாத்தையும் புடிச்சுட்டு வர்றோம்."

"நீயா?" என்று திரும்பிப் பார்த்தார். "நம்ம வீட்டு மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது. கோயில் படிக்கட்டுல பாதியில உட்காந்து பிஸ்கட் தின்ற ஆளு நீ."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. மறுநாள் காலையில் அவருடைய பூட்ஸில் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அருவிப் பக்கத்தில் சங்கிலியைப் பிடித்து ஏறும்போது என் உயிர் என்னிடம் இல்லை. கின்யா கீழேயிருந்து என் குதிகாலைத் தாங்கித் தாங்கித் தள்ளினான். மேலே போய்ச் சேர்ந்ததும் அப்படியே குப்புறக் கிடந்தேன். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் பேச்சில் மட்டும் கேட்ட சக்களத்தி! பாசி பிடித்த கற்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு கரையிலும் இவர் நட்ட மரங்கள் வளர்ந்து மேலே கை கோத்திருந்தன. தண்ணீரில் கை வைத்தால் எலும்புவரை குளிர்ந்தது. அழகாக இருந்தாள், பாவி. ஒரு நாளாவது என்னை இங்கே கூட்டிவந்திருக்கக்கூடாதா என்று இவர் மேல் அப்படியொரு கோபம் வந்தது.

கின்யா தூண்டிலை எடுக்கவில்லை. ஒரு மடுவின் ஓரத்தில் போய் நின்று இரண்டு கையையும் சேர்த்துப் படபடவென்று தட்டினான். பையிலிருந்து பண்ணைத் தீனியை அள்ளித் தூவினான்.

பாறைக்கு அடியிலிருந்து வந்தன. முதுகில் வெள்ளைப் புள்ளியோடு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அவன் காலடிக்கே வந்து வாயைத் திறந்தன. சொந்த மீன் மனுஷ நிழல் பட்டாலே மறைந்துவிடும். இவை பிறந்ததிலிருந்து இந்தக் கைதட்டலுக்குச் சோறு வாங்கித் தின்றவை. கின்யா கைவலையால் அள்ளி அள்ளிக் கரையில் போட்டுத் தலையில் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்றான். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்த மீன்களை உப்புத் தடவிச் சுட்டுக் கொடுத்தேன், அவனால் வாயில் வைக்க முடியவில்லை. பண்ணைக்காரன், தினமும் மீன் தின்கிறவன்!

இரண்டாவது தடவை குறைவாக வந்தன. மூன்றாவது தடவை ஒன்றே ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

"முடிஞ்சுதாடா?" என்றேன்.

"முடியல அண்ணி. கத்துக்கிச்சுங்க."

"எத்தனை இருக்கும்?"

"அதான் எண்ணலையே" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு தூண்டில்தான். செப்டம்பர் முழுக்க ஏறினோம், இறங்கினோம். சொந்த மீன் எதுவும் எங்கள் கண்ணில் படவே இல்லை. வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டதோ என்ற பயம் எனக்குள் புகுந்துகொண்டது. யாருக்காக இந்தப் பாடு என்று ஒரு நாள் நடுவழியில் நின்றேன். அன்றைக்குத்தான் கின்யா என் கையைப் பிடித்து இழுத்து, மரநிழல் விழுந்த ஒரு மூலையைக் காட்டினான். சுத்தமான முதுகு. விலாவில் ஆரஞ்சுப் பொட்டு. வயிறு புடைத்த ஒரு பெண் மீன், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நான் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் வந்து சொன்னேன். இவர் கால் விரல்கள் மறுபடி ஆட ஆரம்பித்தன.

"முட்டை போட இடம் வேணும் அவளுக்கு. பழைய இடமெல்லாம் மணலாக் கிடக்கு. நீதான் படுக்கை போடணும்."

"எனக்கென்ன தெரியும்?"

"கல்லு கொண்டா. நான் சொல்றேன்."

கைக்குட்டையில் ஓடைக் கல்லை முடிந்து கொண்டுபோனேன். சாப்பாட்டுத் தட்டில் கொட்டிப் பார்த்தார். இது அடியில், இது மேலே, இது ஆகாது, மணல் துளியும் கூடாது, முட்டைக்கு மூச்சு முட்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, கட்டில்ல கல்லு வச்சு விளையாடக்கூடாது" என்றாள். "உன் கல்யாணத்துக்குத்தாம்மா சேர்க்கிறேன்" என்று இவர் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மறுநாள் வேறு கல் கொண்டுபோனேன்.

அந்தப் பெண் மீன் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்னக் கிளை ஓடையில் படுக்கை போட்டோம். கட்டை வைத்துத் தண்ணீரின் வேகத்தை மட்டுப்படுத்தி, பெரிய கல்லை அடியில் பரப்பி, அதன் மேல் பொடிக்கல்லைச் சல்லடையில் அலசி அலசிக் கொட்டினேன். என் மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தொட்டில் கட்டவில்லை. அக்டோபர் வந்தால் ஓடையில் எதுவும் பிடிக்கக்கூடாது. கின்யா மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்து தனி அனுமதி வாங்கி வந்தான்.

இவர் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். வீடு தாங்குமா? டக் டக் டக் என்று பாய் விரித்த தரை முழுக்க அந்தத் தடி நடந்தது. "இலை எவ்வளவு சிவந்திருக்கு? தண்ணி எத்தனை டிகிரி? ஆண் மீன் எதாவது கண்ணுல பட்டுதா?" என்று என்னைத் துளைத்து எடுத்தார். ஆண் மீன்தான் கண்ணில் படவில்லை. சொந்த ஆண் ஒன்று வேண்டும். வெள்ளைப் புள்ளிக்காரன் ஒருவன் மிச்சமிருந்து முந்திக்கொண்டால் எல்லாம் போயிற்று. எனக்கும் தூக்கம் போயிற்று. சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஜன்னலருகே நிற்கிறேன் என்று எனக்கே ஒரு நாள் உறைத்தது. தூ, என்ன இது என்று போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மூன்று பேருமாகப் போனோம். அருவிக்குக் கீழே வரைதான் இவருக்கு அனுமதி. அதற்கே டாக்டரிடம் கேட்கவில்லை. நாங்கள் மேலே ஏறினோம், இவர் கீழே தடியை ஊன்றி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

படுக்கைக்குக் கொஞ்சம் தள்ளிப் புதருக்குப் பின்னால் குந்தினோம். அவள் வந்திருந்தாள்! நான் போட்ட கல்லில்! ஒரு பக்கமாகச் சாய்ந்து வாலால் கல்லை அடித்துக் குழி பறித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அதே நேரத்தில் பாறை நிழலிலிருந்து இன்னொன்று வந்து அவள் பக்கத்தில் ஒட்டி நின்றது. பெரிய ஆண். இரண்டும் வாயைத் திறந்தன, உடம்பு நடுங்கின, தண்ணீர் ஒரு நொடி பாலாகக் கலங்கியது.

கலங்கல் விலகியது. அதன் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி.

கின்யா வலையோடு பாய்ந்தான். அவள் அம்பாய் மறைந்துவிட்டாள். அவன் தடுமாறவில்லை, அந்த ஆணை ஒரே அள்ளலில் பிடித்துவிட்டான். குளத்தில் அவனே பேர் வைத்து வளர்த்த மீனாம். கரையில் வைத்துத் தட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே முழங்காலில் நின்றான்.

ஆனால் முட்டை விழுந்துவிட்டதே. கல்லுக்கு நடுவில் மஞ்சளாகத் தெரிந்தது.

"அண்ணி," என்றான் கின்யா. "விட்டுடலாம். இந்த ஒரு தடவை. அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம். முட்டையை எப்படி அண்ணி... அதுவும் உசிருதானே."

உசிருதான். எனக்குத் தெரியாதா? அவள் ஒருத்திதான் எங்கள் கண்ணில் பட்டவள். அவள் போட்ட முட்டை. நான் அலசிப் போட்ட கல்.  மண்வாரியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழு, பிறகு கண்ணைத் திறந்துகொண்டே இழுத்தேன். ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். முட்டைகள் எழும்பி ஓட்டத்தில் போயின. ஒன்றுமில்லை என்று ஆகும்வரை இழுத்தேன். பிறகு அந்தக் கல்லையே மறுபடி அள்ளி, அலசி, பரப்பினேன். வாய்விட்டு அழுதுகொண்டுதான் பரப்பினேன். கின்யாவும் வந்து என்னோடு குனிந்தான்.

கீழே இறங்கியதும் இவர் என் முகத்தைப் பார்த்தார். கின்யா கையில் இருந்த மீனைப் பார்த்தார்.

"சேர்ந்துட்டாங்களா?"

"சேர்ந்துட்டாங்க."

"கலைச்சிட்டியா?"

"கலைச்சிட்டேன்."

இவர் தடியைக் கையில் மாற்றிக்கொண்டு அருவி வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பிறகு கின்யா முன்னால் வந்து நின்று, பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பிடித்தார்கள்.

"ஒரே நாள்ல எல்லா முட்டையையும் போடமாட்டா," என்றார் என்னிடம். "மிச்சம் வச்சிருப்பா. நாளைக்கு வருவா. ஆனா ஒரு ஆண் வரணுமே."

மறுநாள் மறுபடி மூவரும் போனோம். கிளம்பும்போதே சொல்லி வைத்தார். "அருவிச் சத்தத்துல நீ கத்தினா கேக்காது. ஆண் வந்தா விளிம்புக்கு வந்து கையால காட்டு. புள்ளி இருந்தா நெஞ்சுல அடிச்சுக்கோ. முதுகு சுத்தமா இருந்தா உன் முதுகைத் தடவிக் காட்டு." சரி என்றேன். சர்க்கஸ் குரங்கு தோற்றது போங்கள் என்றும் சொன்னேன்.

அவள் வந்தாள். வெகுநேரம் தனியாகவே குழி பறித்தாள், நின்றாள், சுற்றினாள், மறுபடி பறித்தாள். யாரும் வரவில்லை. வெயில் படுக்கையைத் தாண்டிப் போனது. எனக்குக் கால் மரத்துவிட்டது. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். போதும், இனி யாரும் இல்லை என்று நான் நினைத்த நேரத்தில், வேருக்கு அடியிலிருந்து ஒரு பொடியன் வெளியே வந்தான். அவளில் பாதிகூட இல்லை. தயங்கித் தயங்கி வந்து அவள் விலாவில் ஒட்டினான். நிழல் விழுந்து முதுகு தெரியவில்லை. நான் கின்யாவின் கையை நகம் பதியப் பிடித்தேன். பொடியன் கொஞ்சம் நகர்ந்து வெளிச்சத்துக்கு வந்தான்.

சுத்தம். ஒரு புள்ளி இல்லை.

தண்ணீர் பாலாகக் கலங்கியது. அவள் வாலால் கல்லைத் தள்ளித் தள்ளி முட்டையை மூடினாள். நாங்கள் அசையாமல் இருந்தோம். அவள் மூடி முடிக்கும்வரை அப்படியே இருந்துவிட்டு, புதரிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தோம். நான் எழுந்து ஓடினேன். எனக்கு ஓடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அருவி விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். தடியை ஊன்றி நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், நாள் பூராவும் அப்படியே நின்றவராட்டம். நான் திரும்பி நின்று, கை எட்டும் மட்டும் என் முதுகைத் தடவிக் காட்டினேன். புரியாமல் போய்விடுமோ என்று கின்யாவின் முதுகையும் தடவிக் காட்டினேன். அவன் அழுதுகொண்டே முதுகைக் கொடுத்தான்.

கீழே இவர் தடியைப் பக்கத்தில் வைத்தார். மெதுவாக, பாறையில் கையை ஊன்றி, உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாமல் தானாகவே அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கால் விரலெல்லாம் பூட்ஸுக்குள் ஆடுகிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆள் அசையவில்லை.

"ஏங்க! பாறை ஈரமா இருக்கு! இடுப்புல இரும்பு இருக்கு, எழுந்திருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, உட்கார்ந்தே இருந்தார்.